ராக்கம், டுலாக், நீல்சன்: அந்தப் படங்கள் எப்படிப் பிறந்தன?

நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. மகளுக்குத் தேவதைக் கதைப் புத்தகம் தேடப்போய், ஆர்தர் ராக்கம், எட்மண்ட் டுலாக் என்று நூறு வருடத்துக்கு முந்தைய ஓவியர்களின் படங்கள் கண்ணில் பட்டு, அதிலேயே ஒரு ராத்திரி முழுக்கப் போய்விட்டது என்கிறீர்கள். ‘பொற்காலம்’ என்கிறார்களே, ஒரே காலத்தில் இத்தனை பேர் எப்படி வந்தார்கள் என்பது முதல் கேள்வி. யாரிடமிருந்து பார்க்க ஆரம்பிப்பது என்பது இரண்டாவது.

நான் புத்தக வடிவமைப்பில் இருப்பவன். பாதி வாழ்க்கை அச்சகத்துக்குள்ளேயே போயிருக்கிறது. அதனால் என் பதில் தூரிகையில் தொடங்காது, படத்தை அச்சேற்றும் கட்டை அல்லது தகடு, அதாவது பிளாக்கில்தான் தொடங்கும். நல்ல ஓவியர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். 1900 வாக்கில் தொடங்கி முதல் உலகப் போர் வரைக்கும் லண்டனில் நடந்தது வேறு ஒன்று. ஓவியர் தாளில் தீட்டியது, நடுவில் ஒரு செதுக்குக்காரர் மறுபடி வரையாமல், வண்ணத்தோடு அப்படியே வாசகர் மடிக்குப் போய்ச் சேர ஆரம்பித்தது. அந்த வசதியையும் அதிலிருந்த குறைகளையும் யார் யார் எப்படிக் கையாண்டார்கள் என்று பார்த்தால் இந்த ஓவியர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிப்பார்கள்.

அதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்று கொஞ்சம் பாருங்கள். 1865-இல் ஆலிஸ் கதை முதலில் வந்தபோது படம் போட்டவர் ஜான் டென்னியல். நமக்குத் தெரிந்த அந்த ஆலிஸ், அந்தத் தொப்பிக்காரர், எல்லாம் அவர் கற்பனைதான். ஆனால் நாம் பார்க்கும் கோடு அவர் கையால் போட்ட கோடு இல்லை. டால்சியல் சகோதரர்கள் என்ற செதுக்குக் கலைஞர்கள் அவருடைய படத்தை இறுகிய மரக்கட்டையில் கோடு மட்டும் மேடாக நிற்கும்படி மற்ற இடங்களைச் செதுக்கி எடுத்தார்கள். அச்சானது அந்த மேடு. மெல்லிய சாயை, நீர்வண்ணத்தின் கசிவு, இதற்கெல்லாம் அந்த முறையில் இடமே கிடையாது. முதலில் அச்சான 2,000 பிரதிகளில் படங்கள் விழுந்த விதம் டென்னியலுக்குப் பிடிக்கவில்லை. பதிப்பையே திரும்பப் பெற்று மறுபடி அச்சிட்டார்கள். ஒதுக்கிய தாள்கள் நியூயார்க் பதிப்பாளர் ஒருவருக்கு விற்கப்பட்டன. அந்த மூல மரக்கட்டைகள் 1985-இல் லண்டனில் ஒரு வங்கியின் பெட்டகத்தில் கண்டுபிடிக்கப்பட்டன.

வண்ணமும் அப்படித்தான். எட்மண்ட் எவன்ஸ் என்ற அச்சகக்காரர் நிறத்துக்கு ஒரு மரக்கட்டை என்று செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டு, வால்டர் கிரேன், கேட் கிரீனவே, ராண்டால்ஃப் கால்டெகாட் மூவரின் குழந்தைப் புத்தகங்களையும் கொண்டுவந்தார். அருமையான வேலை. கால்டெகாட் நாலு கோட்டில் ஒரு குதிரையை ஓடவிடுவார். வங்கி குமாஸ்தாவாக இருந்த மனிதர், 39 வயதில் இறந்துபோனார். ஆனாலும் இவர்கள் எல்லோருடைய வண்ணமும் தட்டையான வண்ணம். கட்டைக்கு ஒத்துவரும் அளவுக்குத்தான் ஓவியரால் கற்பனை செய்ய முடிந்தது.

அப்புறம் மூவர்ண பிளாக் வந்தது. ஓவியத்தை மூன்று வண்ண வடிகட்டிகள் வழியாக மூன்று முறை படம் பிடிப்பார்கள். நுண்ணிய கட்டங்கள் போட்ட கண்ணாடித் திரை ஒன்று அதைப் புள்ளிகளாகப் பிரிக்கும். மூன்று செப்புத் தகடுகளில் அந்தப் புள்ளிகளை அமிலத்தால் அரித்தெடுத்து மஞ்சள், சிவப்பு, நீலம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட வேண்டியதுதான். லண்டனில் இந்த வேலையில் பெயர் பெற்றவர் கார்ல் ஹென்ட்ஷெல். பியாட்ரிக்ஸ் பாட்டரின் பீட்டர் முயல் 1902-இல் வண்ணத்தில் வந்தது அவருடைய பிளாக்குகளால்தான்.

இந்த முறையில் இரண்டு தொந்தரவு இருந்தது. நுண்ணிய புள்ளி சாதாரணத் தாளில் ஒழுங்காக விழாது. சுண்ணப் பூச்சுப் போட்ட வழுவழுப்பான ஆர்ட் பேப்பர் வேண்டும். அதனால் வண்ணப் படங்களைத் தனியாக ஆர்ட் பேப்பரில் அச்சிட்டு, வெட்டி, ஒவ்வொரு பிரதியிலும் கையால் ஒட்டினார்கள். இரண்டாவது தொந்தரவு, இன்றைக்கும் அச்சகத்தில் தினமும் கேட்கிற வார்த்தை: ரிஜிஸ்டர். மூன்று நிறமும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். ஒரு மயிரிழை தள்ளிப்போனாலும் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும்.

ஒரு நண்பர் வீட்டில் ராக்கம் வரைந்த ‘பீட்டர் பேன் இன் கென்சிங்டன் கார்டன்ஸ்’ புத்தகத்தின் பழைய பிரதியைக் கையில் எடுத்துப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. 1906-இல் வந்த புத்தகம், 50 வண்ணப் படங்கள். தடித்த பழுப்புத் தாளில் படம் ஒட்டியிருக்கும். மேலே திரை மாதிரி ஒரு மெல்லிய தாள், அதில் படத்துக்கான ஒரு வரி. மெல்லிய தாளைத் தூக்குகிறபோதே மனசு ஒரு நொடி நிற்கிறது. குள்ள வேலைக்காரர்கள் ஒரு காளானை மரம் அறுக்கிற மாதிரி ரம்பம் போட்டு அறுத்துக்கொண்டிருந்தவர்கள், யாரோ வருவதைப் பார்த்துக் கருவிகளைப் போட்டுவிட்டு ஓடுகிற படம் ஒன்று உண்டு. அதன்மேல் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். நிறமெல்லாம் புள்ளி புள்ளியாகக் கரைந்துபோனது. பேனாக் கோடு மட்டும் கலையாமல் நின்றது. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிறம் லேசாகப் பிசகினாலும் கண்ணுக்குத் தெரியாது, கோடு பிடித்துக்கொள்ளும். ராக்கமின் ரகசியம் எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான்.

அவர் முதலில் பென்சிலில் வரைவார், அதன்மேல் மசியில் கோடு. பிறகு நீர்த்த வண்ணத்தை அடுக்கடுக்காக விட்டு, சில இடத்தில் ஒற்றி எடுத்து, மறுபடி விடுவார். பழுப்பும் சாம்பலும் மங்கிய பச்சையும்தான் அதிகம். மூன்று மசியை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் சுத்தமான கறுப்பு கிடைக்காது, கலங்கிய பழுப்புதான் வரும். வேறொருவருக்கு அது குறை. ராக்கமின் உலகமே பழைய வேரும் ஈர மண்ணும் சருகுமாக இருந்ததால், அவருக்கு அதுவே சொந்த நிறம்போல அமைந்துவிட்டது.

இந்த மனிதர் ஒன்றும் திடீரென்று உதித்தவர் இல்லை. 1867-இல் லண்டனில் பிறந்தார். 18 வயதில் ஒரு தீ விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. வேலைக்குப் போய்க்கொண்டே லாம்பெத் ஓவியப் பள்ளியில் படித்தார். 1892-இல் வேலையை விட்டுப் பத்திரிகைக்குப் படம் போடப் போனார். 1900-இல் கிரிம் சகோதரர்களின் கதைகளுக்குப் போட்ட படங்கள் கொஞ்சம் கவனம் பெற்றன. ஓவியரான எடித் ஸ்டார்க்கியை 1903-இல் மணந்தார். 1905-இல் 51 வண்ணப் படங்களோடு ‘ரிப் வான் விங்கிள்’ வந்தது, அதோடு அவர் பெயர் நிலைத்துவிட்டது.

அந்தப் புத்தகத்தின் வியாபார வழியையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பாதிக் கதைதான் சொன்னதாகும். லண்டன் லெஸ்டர் காலரியில் மூல ஓவியங்களைக் கண்காட்சி வைத்து விற்பார்கள். அதையொட்டியே கிறிஸ்துமஸ் பரிசாக வாங்கும் பெரிய புத்தகம் கடைக்கு வரும். கூடவே கன்றுத்தோல் பதிப்பு ஒன்று, எண்ணிட்டு, ஓவியர் கையெழுத்துப் போட்டு. ‘ரிப் வான் விங்கிள்’ புத்தகத்துக்கு அப்படி 250 பிரதி. கதையாசிரியர் பெயரைவிட ஓவியர் பெயருக்காகப் புத்தகம் வாங்கிய காலம் அது. வருடத்துக்கு ஒரு பெரிய புத்தகம் என்று ராக்கம் உழைத்தார்: 1907-இல் ஆலிஸ், 1908-இல் ஷேக்ஸ்பியரின் ‘மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்’, 1910, 1911 இரண்டு வருடமும் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசை நாடகங்கள். டென்னியலின் ஆலிஸோடு வளர்ந்த விமர்சகர்கள் ராக்கமின் ஆலிஸை ஏற்கவில்லை. எனக்கு அவருடைய ஆலிஸைப் பிடிக்கும். டென்னியலின் ஆலிஸ் எதற்கும் அசையாத குட்டிப் பெரியமனுஷி. ராக்கமின் ஆலிஸ் உண்மையாகவே வழி தெரியாமல் நிற்கிற ஒரு பெண் குழந்தை.

வாக்னர் படங்களைப் பற்றி ஒன்று. பின்னாளில் நார்னியா கதைகளை எழுதிய சி.எஸ். லூயிஸ் சிறுவனாக இருந்தபோது ஒரு பத்திரிகையில் அதிலிருந்து ஒரு படத்தைப் பார்த்து அப்படியே ஆடிப்போனதைத் தன் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். வடதிசைப் புராணங்களின் மேல் அவருக்கு வந்த பித்துக்கு அந்தப் படம் ஒரு தொடக்கம். பிறகு வந்த மிகுபுனைவு எழுத்தின் ஒரு கிளைக்கு ராக்கமின் வேரிலிருந்தும் நீர் போயிருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

டுலாக் வேறு ரகம். பிரான்சின் துலூஸ் நகரத்தில் 1882-இல் பிறந்தவர், சட்டம் படிக்கப் போய் ஓவியத்துக்குத் திரும்பியவர். இங்கிலாந்தின்மேல் அவருக்கிருந்த மோகத்தைப் பார்த்து உடன் படித்தவர்கள் ‘ஆங்கிலேயன்’ என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். 1904-இல் லண்டனுக்குக் குடிவந்தார், 1912-இல் குடியுரிமையும் வாங்கினார். ராக்கம் வேறு பதிப்பகத்துக்குப் போன சமயத்தில் ஹாடர் அண்ட் ஸ்டோட்டன் பதிப்பகத்துக்கு இன்னொரு பெரிய ஓவியர் தேவைப்பட்டார். 1907-இல் 50 படங்களோடு அராபிய இரவுகள் கதைகள் வந்தன. அப்போது டுலாக்குக்கு 25 வயது.

அதற்குள் ரிஜிஸ்டர் நன்றாக உட்காரத் தொடங்கியிருந்தது. நிறத்தைப் பிடித்து நிறுத்தக் கோடு வேண்டியதில்லை. டுலாக் அதை உடனே பிடித்துக்கொண்டார். அவர் படத்தில் உருவத்தைச் செய்வது நிறம்தான். இரவு நீலம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு எத்தனை படி இறங்குகிறார் பாருங்கள்: கருநீலம், மயில்கழுத்து, புகைநீலம், விடியற்காலை நீலம். ஆண்டர்சன் கதைகளுக்கு 1911-இல் அவர் போட்ட படங்களில் பட்டாணி இளவரசியை மகளுக்குக் காட்டுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக மெத்தை, ஒவ்வொன்றுக்கும் வேறு துணி, வேறு பூவேலை. அவ்வளவு உயரத்தில் சின்னஞ்சிறியதாக அந்தப் பெண். மெத்தைகளின் துணிகளையே ஒரு மணி நேரம் பார்க்கலாம். துணி தெரிந்தவர் வரைந்த படம் அது.

1913 வாக்கில் அவர் இன்னொரு திருப்பம் எடுத்தார். பாரசீக நுண்ணோவியங்களை ஆழ்ந்து பார்த்து, தூரம் போகப்போகச் சிறிதாக்கும் ஐரோப்பிய வழக்கத்தைத் தளர்த்தி, தரையையும் சுவரையும் ஒரே தட்டில் வைத்து வரைய ஆரம்பித்தார். சிந்துபாத் கதைக்கு 1914-இல் அவர் செய்தது இந்த வகை. கிழக்கை ஐரோப்பியர் தங்கள் ஆசைப்படி புனைந்துகொண்ட காலம் அது என்பதை மறக்க முடியாது. டுலாக்கிடமும் அது உண்டு. ஆனால் மற்றவர்கள் தலைப்பாகையையும் வாளையும் மட்டும் எடுத்துக்கொண்டபோது, இவர் அந்த ஓவியர்களின் இலக்கணத்தையே கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். அதற்காக அவர்மேல் எனக்குத் தனி மரியாதை. பின்னாளில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் 1937 முடிசூட்டு விழாத் தபால்தலையை வடிவமைத்ததும் இவர்தான்.

மூன்றாமவர் கே நீல்சன். என்னிடம் ஒரே ஒரு புத்தகத்தைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் நான் இவருடையதைத்தான் எடுப்பேன். 1886-இல் கோபன்ஹேகனில் பிறந்தார். அப்பா நாடக அரங்கின் இயக்குநர், அம்மா புகழ்பெற்ற நடிகை. படங்களைப் பார்த்தாலே அது தெரியும்: எல்லாம் மேடை. வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விழும், பின்னால் பெரிய இருள், நடுவில் நீண்ட ஒல்லியான உருவங்கள். 1914-இல் வந்த ‘ஈஸ்ட் ஆஃப் தி சன் அண்ட் வெஸ்ட் ஆஃப் தி மூன்’ நார்வே நாட்டுக் கதைகள், 25 வண்ணப் படங்கள். இதில் மூன்று நிறத்துக்குப் பதில் நாலு நிற பிளாக் போட்டார்கள். கறுப்புக்குத் தனித் தகடு! நீல்சனின் இருட்டு அத்தனை ஆழமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதில் ஒரு படம். வெள்ளைக் கரடியாகத் திரிந்த இளவரசனை இழந்துவிட்டு, பெண் காட்டுக்குள் தனியாகக் கிடக்கிறாள். தாளின் அடியிலிருந்து உச்சி வரைக்கும் நெட்டுக்குத்தாக மரங்கள். மரத்தின் உச்சியே தெரியாது. அடியில் ஒரு துண்டுப் பசும்புல், அதன்மேல் சுருண்டு கிடக்கிற ஒரு சின்ன உடம்பு. முகத்தில் சோகம் எழுதிக் காட்டவில்லை, கண்ணீர் இல்லை. எவ்வளவு மரம், எவ்வளவு சிறிய பெண் என்ற கணக்கு ஒன்றே போதுமென்று விட்டுவிட்டார். படத்தில் உணர்ச்சியை எங்கே வைப்பது என்று வடிவமைப்புப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

ஆனால் அந்தப் புத்தகம் வந்த வருடத்தைக் கவனியுங்கள். போர் தொடங்கிவிட்டது. நீல்சனின் வாழ்க்கை அதற்குப் பிறகு நேராகவே நடக்கவில்லை. அமெரிக்கா போனார். டிஸ்னியில் சேர்ந்து 1940-இல் வந்த ‘ஃபான்டேசியா’ படத்தின் இறுதிப் பகுதிக்கு, மொட்டை மலையில் சாத்தான் எழுந்து நிற்கும் காட்சிக்கு வடிவம் கொடுத்தார். கடற்கன்னி கதைக்கும் வரைந்து வைத்தார். அந்தப் படம் 1989-இல்தான் வந்தது, பெயர்ப் பட்டியலில் இவர் பெயரையும் போட்டார்கள். அவர் 1957-இல் லாஸ் ஏஞ்சலஸில் வறுமையில் இறந்தார். ஆயிரத்தொரு இரவுகளுக்கு அவர் வரைந்து வைத்திருந்த ஓவியங்களை, அவர் மனைவியும் போன பிறகு, நண்பர்கள் அருங்காட்சியகங்களுக்குக் கொடுக்க முயன்றார்கள். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. 1977-இல்தான் புத்தகமாக வந்தன. இன்று டாஷன் பதிப்பகம் பெரிய அளவில் அவற்றை வெளியிட்டிருக்கிறது.

இந்த மூவரையும் பார்த்த பிறகு ஹாரி கிளார்க்கிடம் போங்கள். டப்ளின்காரர், வண்ணக் கண்ணாடி ஜன்னல் செய்கிற குடும்பத் தொழில். கண்ணாடித் துண்டுகளை ஈயக் கோட்டால் பிணைக்கிற கை தாளில் வரைந்தால் எப்படியிருக்கும்? ஒரு அங்குலம் கூட வெறுமையாக விடமாட்டார். ஆண்டர்சன் கதைகள் 1916, எட்கர் ஆலன் போ 1919. போ புத்தகத்தை மகளுக்குக் காட்டாதீர்கள், தூக்கம் போய்விடும். அவர் செய்துகொண்டிருந்த இன்னொரு புத்தகத்தின் பிளாக்குகள் 1916 ஈஸ்டர் கிளர்ச்சியில் டப்ளின் எரிந்தபோது அழிந்துபோயின. காசநோயால் 41 வயதில் இறந்தார்.

லண்டனை விட்டு வெளியே போனால் ரஷ்யாவின் இவான் பிலிபின். 1901 முதல் 1903 வரை வந்த அவருடைய நாட்டுக் கதைப் புத்தகங்களை அச்சிட்டது ரஷ்ய அரசு பணத்தாள் அடிக்கும் அச்சகம். அச்சின் நறுவிசு அதனால்தான் அப்படி. தடித்த கறுப்புக் கோடு, உள்ளே தட்டையான நிறம், சுற்றிலும் பூவேலைக் கரை. ராக்கமுக்கு நேர் எதிர். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இவரைப் பார்த்ததும் பிடித்துவிடும், ஏனென்றால் பாபா யாகா என்ற சூனியக் கிழவி உரலுக்குள் உட்கார்ந்து, உலக்கையால் உந்திக்கொண்டு, துடைப்பத்தால் தன் தடத்தை அழித்தபடி காட்டுக்குள் பறக்கிறாள். உரலும் உலக்கையும் துடைப்பமும் யாருக்குத்தான் விளங்காது! பிலிபின் 1942-இல் லெனின்கிராட் முற்றுகையில் பட்டினியால் இறந்தார்.

அமெரிக்காவில் ஹோவர்ட் பைல், அவர் மாணவர் என்.சி. வையத். வையத் 1911-இல் ‘டிரஷர் ஐலண்ட்’ கதைக்குப் பெரிய பெரிய கித்தான்களில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். நிலா வெளிச்சத்தில் கண் தெரியாத கிழவன் கோலைத் தட்டிக்கொண்டு நிற்கிற படம் ஒன்று போதும். இந்தக் கிளை தேவதைக் கதையிலிருந்து சற்று விலகி சாகசக் கதைக்குப் போகிறது, ஆகவே இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

நம் நாட்டுக்கு இதில் தொடர்பு உண்டா என்றால், உண்டு, பலருக்கும் தெரியாத ஒரு தொடர்பு. கல்கத்தாவில் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி குழந்தைகளுக்காக ராமாயணம் எழுதிப் படமும் வரைந்தார். மரக்கட்டையில் செதுக்கியதில் படங்கள் கெட்டுப்போனதைப் பார்த்து மனம் பொறுக்காமல், இங்கிலாந்திலிருந்து கருவிகளை வரவழைத்து, படத்தைப் புள்ளிகளாகப் பிரித்து அச்சிடும் ஹாஃப்டோன் பிளாக் செய்வதைத் தானே படித்து, 1895-இல் சொந்தமாகத் தொழிலே தொடங்கிவிட்டார். திரையையும் புள்ளியையும் பற்றி அவர் செய்த ஆராய்ச்சிக் கட்டுரைகள் லண்டனின் பென்ரோஸ் ஆண்டு மலரில் வெளியாயின. டென்னியலுக்கு வந்த அதே கோபம்தான், ஆனால் இவர் பதிப்பை மட்டும் நிறுத்தவில்லை, முறையையே கற்றுக்கொண்டார். 1913-இல் ‘சந்தேஷ்’ குழந்தைப் பத்திரிகையைத் தொடங்கினார். மகன் சுகுமார் ராய் இங்கிலாந்து போய் அச்சுத் தொழில்நுட்பம் படித்துவந்தார். பேரன்தான் சத்யஜித் ராய். அதே சமயம் லண்டனிலிருந்து வார்விக் கோபிள் 1912-இல் வங்காள நாட்டுக் கதைகளுக்கு 32 வண்ணப் படங்கள் வரைந்தார்; மென்மையான படங்கள். ஆனால் அடுத்த வருடமே நிவேதிதையின் புராணக் கதைப் புத்தகத்துக்கு அவனீந்திரநாத் தாகூரும் நந்தலால் போஸ் முதலான அவர் மாணவர்களும் வரைந்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோபிளின் இளவரசி புடவை உடுத்தி நிற்கிறாள். நந்தலாலின் பெண்கள் அந்தப் புடவையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்.

எல்லாம் எப்படி முடிந்தது? போரில் தாள் தட்டுப்பாடு, ஆள் தட்டுப்பாடு. படம் ஒட்டும் கைவேலைக்குச் செலவு கட்டுப்படியாகவில்லை. பரிசுப் புத்தகம், நிதி திரட்டுவதற்காக விற்கும் நன்கொடைப் புத்தகமாக மாறியது. டுலாக் 1915-இல் பிரெஞ்சு செஞ்சிலுவைச் சங்கத்துக்காக ஒன்று செய்தார். ராக்கமே 1919, 1920-இல் சிண்ட்ரெல்லாவையும் உறங்கும் அழகியையும் பெரும்பாலும் நிழலுருவமாகத்தான் வரைந்தார். வண்ண பிளாக் இல்லாமலும் எவ்வளவு சொல்ல முடியும் என்பதற்கு அந்த இரண்டும் பாடம்.

அப்படி வந்த நன்கொடைப் புத்தகங்களில் ஒன்று ‘பிரின்சஸ் மேரீஸ் கிஃப்ட் புக்’. 1917-இல் இங்கிலாந்தின் காட்டிங்லி கிராமத்தில் 16 வயது எல்சி ரைட்டும் 9 வயது பிரான்சஸ் கிரிஃபித்ஸும் அந்தப் புத்தகத்திலிருந்த தேவதைப் படத்தைப் பார்த்து வரைந்து, வெட்டி, ஊசி குத்தி நிறுத்தி, தேவதைகளோடு புகைப்படம் எடுத்ததாகக் காட்டினார்கள். ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய கோனன் டாயிலே நம்பி 1920-இல் பத்திரிகையில் எழுதினார். அதே புத்தகத்தில் அவருடைய கதையும் இருக்கிறது! பெண்கள் உண்மையை ஒப்புக்கொண்டது 1983-இல். போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தேசம் அது. தேவதை இருக்கிறது என்று நம்ப எத்தனை பேர் ஏங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். ராக்கம், கிளார்க், டுலாக் மூவருடைய படங்களும் இந்தியச் சட்டப்படி காப்புரிமை முடிந்தவை. நீல்சனுடையதும் 2018-இலிருந்து அப்படித்தான். இன்டர்நெட் ஆர்க்கைவ், குட்டன்பர்க் தளங்களில் முழுப் புத்தகமாகவே கிடைக்கும். தனிப் படமாகப் பார்க்காமல் புத்தகமாகவே புரட்டுங்கள். எந்த இடத்தில் படம் வருகிறது என்பதும் ஓவியரின் வேலைதான். காகிதத்தில் வேண்டுமென்றால் டோவர் பதிப்பகத்தின் வண்ணத் தொகுப்புகள் விலை குறைவு. பழைய புத்தகத்திலிருந்து பிய்த்துச் சட்டம் போட்டு விற்கும் ஒற்றைப் படங்களை வாங்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு புத்தகம் பாழாகியிருக்கிறது. ‘பழைய தேவதை ஓவியம்’ என்று ஓவியர் பெயரோ புத்தகத்தின் பெயரோ வருடமோ இல்லாமல் சுற்றுகிற படங்களையும் நம்ப வேண்டாம். குழந்தைக்கு வரிசை கேட்டால்: முதலில் பிலிபின், பிறகு டுலாக்கின் ஆண்டர்சன், பிறகு ராக்கமின் பீட்டர் பேன். நீல்சன் பத்து வயதுக்கு மேல்.

ராக்கமின் கடைசிப் புத்தகத்தையும் விட்டுவிடாதீர்கள். கென்னத் கிரஹாமின் ‘தி விண்ட் இன் தி வில்லோஸ்’ கதைக்கு வரையச் சொல்லி ஆரம்ப காலத்திலேயே அவரைக் கேட்டிருந்தார்கள். ஷேக்ஸ்பியர் வேலையில் மூழ்கியிருந்ததால் முடியாது என்று சொல்லிவிட்டு, அப்புறம் வருடக்கணக்கில் அதற்காக வருந்தினார். 1936-இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஜார்ஜ் மேசி என்ற பதிப்பாளர் அதே கதையை அவரிடம் நீட்டினார். அப்போது ராக்கமுக்கு 70 வயது நெருங்கியிருந்தது. பின்னால் புற்றுநோயில் படுத்த பிறகும் வரைந்துகொண்டே இருந்தார். கடைசியாக முடித்த படத்தில் எலியும் அகழெலியும் ஆற்றங்கரையில் படகில் சாப்பாட்டுக் கூடையை ஏற்றுகிறார்கள். மகள் பார்பரா பார்த்துவிட்டு, படகில் துடுப்பே இல்லையே அப்பா என்றார். இருக்கட்டும் என்று அவர் விடவில்லை. உடம்பு முடியாத நிலையிலும் எழுந்து உட்கார்ந்து துடுப்புகளை வரைந்தார். 1939 செப்டம்பரில் இறந்தார், புத்தகம் 1940-இல் வந்தது. படத்தில் துடுப்புகள் இருக்கின்றன. மகளோடு உட்கார்ந்து தேடிப் பாருங்கள்.